வகுப்பு வாட்ஸ்அப் குழுவை நடத்துவது எப்படி? பாலக்காட்டு எல்லையிலிருந்து ஒரு தமிழ் டீச்சர்

போன ஐப்பசியில் ஒரு நாள் காலை வருகைப் பதிவேட்டைத் திறந்தேன். என் வகுப்பில் 34 பேரில் 11 பேரைக் காணோம். வெளியே தூறல்கூட இல்லை. ஒரு பையனின் அம்மாவுக்குப் போன் போட்டேன். "இன்னைக்கு லீவுன்னு வந்துச்சுங்களே டீச்சர்" என்றார். வந்ததை எனக்கு அனுப்பச் சொல்லிப் பார்த்தால், கோவை மாவட்டப் பள்ளிகளுக்கான மழை விடுமுறை அறிவிப்பு. மாவட்டத்தின் பெயர் இருந்த மேல்வரி மட்டும் யாரோ வெட்டியதில் போய்விட்டது. எங்கள் ஊரிலிருந்து கோவை மாவட்ட எல்லைக்கு நடந்தே போய்விடலாம். ஆனால் எங்களுக்கு லீவு விட வேண்டியவர் பாலக்காடு கலெக்டர்.

சித்தூர் வட்டத்தில், கொழிஞ்சாம்பாறைப் பக்கத்தில், தமிழ்வழிப் பிரிவுள்ள ஒரு பள்ளியில் 17 வருடமாகப் பாடம் நடத்துகிறேன். பத்தாம் வகுப்புக்கு கிளாஸ் டீச்சர். பிள்ளைகள் படிப்பது தமிழில், பாடத்திட்டம் கேரளத்துடையது, ஆபீசிலிருந்து வரும் சுற்றறிக்கை மலையாளத்தில், வீட்டில் ஓடுவது தமிழ்நாட்டு சேனல். இப்படி ஒரு இடத்தில் சமூக ஊடகம் பிள்ளைகளின் படிப்புக்கு என்ன தரும், எதைக் கெடுக்கும் என்று பட்டுத் தெரிந்துகொண்டதை எழுதுகிறேன். செங்கோட்டை தாண்டியோ தேவிகுளத்திலோ ஆந்திரத்தின் குப்பத்திலோ இதே நிலையில் இருக்கும் ஆசிரியர்களுக்கும் பெற்றோருக்கும் உதவும் என்று நம்புகிறேன்.

முதலில் நன்மையைச் சொல்லிவிடுகிறேன். "போனே வேண்டாம்" என்று சொல்பவர்களோடு என்னால் சேர முடியவில்லை, அதற்குக் காரணம் உண்டு. பொள்ளாச்சிக் கடைகளில் கிடைக்கும் கைடு தமிழ்நாட்டுப் பாடத்துக்கு. பாலக்காட்டில் கிடைப்பது மலையாளத்திலும் ஆங்கிலத்திலும். எங்கள் பிள்ளைகளின் புத்தகத்துக்குத் தமிழில் ஒரு வழிகாட்டி நூல் வேண்டுமென்றால் எந்தக் கடைக்கும் போக முடியாது. 2020 ஜூன் 1 அன்று கேரள அரசின் கல்விச் சேனலான கைட் விக்டர்ஸில் 'ஃபர்ஸ்ட் பெல்' வகுப்புகள் தொடங்கி, தமிழ்வழிப் பாடங்களும் யூடியூபில் வரத் தொடங்கியபோதுதான், வேறொரு ஆசிரியர் அதே பாடத்தைத் தமிழில் நடத்துவதை எங்கள் பிள்ளைகள் முதன்முதலாகப் பார்த்தார்கள். இப்போதும் பாலக்காடு, இடுக்கித் தமிழ்வழி ஆசிரியர்கள் மாதிரி வினாத்தாளைத் தட்டச்சு செய்து எங்களுக்குள் பகிர்ந்துகொள்வது வாட்ஸ்அப்பில்தான்.

என் வகுப்பில் ஒரு பையன். அப்பா பனையேறி. வீட்டில் ஒரே ஒரு போன், அது இரவு எட்டு மணிக்கு மேல்தான் பையன் கைக்கு வரும். குவிலென்சுக்குக் கதிர்ப்படம் வரைவது அவனுக்கு வகுப்பில் பிடிபடவில்லை. ஏழு நிமிட வீடியோ ஒன்றை அனுப்பி, "ஒவ்வொரு கோடு போட்டதும் நிறுத்து, நீயும் போடு" என்று சொல்லியிருந்தேன். மறுநாள் நோட்டைக் காட்டினான். ஒரே பக்கத்தில் ஆறு படம். முதல் மூன்றில் கதிர் லென்சைத் தாண்டியும் வளையாமல் நேராகவே போயிருந்தது. நான்காவதில் வளைந்தது, ஆனால் குவியத்தைத் தொடவில்லை. ஆறாவது சரி. நான் வகுப்பில் அதை ஆறு முறை நிறுத்திச் சொல்ல முடியாது. இந்த ஒரு பக்கத்துக்காகவே எனக்கு அந்தப் போன் வேண்டும்.

சரி, இனி எப்படி நடத்துவது என்று பார்ப்போம்.

குழுவில் யார் இருக்கலாம்

பிள்ளைகளை வகுப்புக் குழுவில் சேர்க்காதீர்கள். பெற்றோர் மட்டும். வாட்ஸ்அப்பில் கணக்கு வைக்கக் குறைந்தபட்ச வயது 13, பத்தாம் வகுப்புப் பிள்ளைக்கு அது தாண்டிவிட்டது என்பது உண்மைதான். ஆனாலும் பிள்ளைகள் இருக்கும் குழுவில் ஆசிரியர் இரவு ஒன்பதரைக்கு ஒரு செய்தி போட்டால், அதைப் பார்க்கப் போனைத் திறந்த பிள்ளை பத்தரைக்குத்தான் கீழே வைக்கும். காரணத்தை நாமே கொடுத்தது போல ஆகிவிடும்.

ஜூன் மாதம் முதல் கிளாஸ் பி.டி.ஏ. (பெற்றோர்-ஆசிரியர்) கூட்டத்திலேயே ஒரு தாளைச் சுற்றுக்கு விடாமல், ஒவ்வொருவராகக் கூப்பிட்டு எண்ணைக் கேட்டு வாங்குங்கள். அந்தப் போன் யார் கையில் இருக்கும், எத்தனை மணிக்கு இருக்கும் என்றும் கேளுங்கள். அம்மா பொள்ளாச்சிப் பக்கம் நார் மில்லுக்குப் போகிறவர் என்றால் காலை ஆறு மணி பஸ், திரும்ப இரவு ஏழு. பகல் பதினொன்றுக்கு "நாளை கட்டாயம் வரவும்" என்று போட்டு அவர் பார்க்கவில்லை என்று கோபிப்பதில் நியாயமில்லை. நான் செய்தி அனுப்பும் நேரம் இரவு ஏழரை. ஏழரைக்கு ஒன்று, அவ்வளவுதான். அவசரம் என்றால் போன் செய்வேன்.

குழுவைத் தொடங்கிய உடனே அமைப்புகளுக்குள் போய் அட்மின் மட்டும் செய்தி அனுப்பும்படி மாற்றிவிடுங்கள். இது பெற்றோரை வாயடைக்கும் வேலை என்று ஒரு அப்பா என்னிடம் வருத்தப்பட்டார். அவரிடம் சொன்னதையே இங்கேயும் சொல்கிறேன்: உங்கள் பிள்ளையைப் பற்றி நீங்கள் பேச வேண்டியது என்னிடம், 34 வீட்டிடம் இல்லை. எனக்குத் தனியாக அனுப்புங்கள். 2022 பிப்ரவரியில் கேரள உயர்நீதிமன்றம், குழுவில் ஒருவர் போடும் தவறான பதிவுக்கு அட்மின் பொறுப்பாக மாட்டார் என்று ஒரு வழக்கில் தீர்ப்புச் சொன்னது. சட்டப்படி நமக்கு அது ஆறுதல். ஆனால் வகுப்புக் குழுவில் வந்த ஒன்றால் ஒரு பிள்ளை அழுதால், கிளாஸ் டீச்சர் பதில் சொல்லித்தான் ஆக வேண்டும்.

இன்னொன்று, குழுவில் எல்லார் எண்ணும் எல்லாருக்கும் தெரியும். கணவர் வெளியூரில் இருக்க, பிள்ளைகளோடு தனியாக இருக்கும் அம்மாக்கள் என் வகுப்பில் உண்டு. ஒருவருக்கு இரவில் தேவையில்லாத அழைப்புகள் வந்த பிறகு நான் பிராட்காஸ்ட் பட்டியலுக்கு மாறினேன். ஒரு பட்டியலில் 256 பேர் வரை சேர்க்கலாம். செய்தி ஒவ்வொருவருக்கும் தனியாக வந்தது போலவே போய்ச் சேரும். யார் எண்ணும் யாருக்கும் தெரியாது, பதிலும் எனக்கு மட்டுமே வரும். ஒரே நிபந்தனை: பெற்றோர் தங்கள் போனில் உங்கள் எண்ணைச் சேமித்திருக்க வேண்டும், இல்லாவிட்டால் செய்தி போகாது. அதனால் பி.டி.ஏ. கூட்டத்தில் ஒவ்வொருவர் போனிலும் 'கிளாஸ் டீச்சர்' என்று நானே சேமித்துக் கொடுத்துவிடுவேன். அரை மணி நேர வேலை, ஆனால் வருடம் முழுக்கத் தலைவலி இல்லை.

எழுதாதீர்கள், பேசுங்கள்

ஆபீசிலிருந்து வரும் மலையாள பி.டி.எஃப்.பை அப்படியே தள்ளிவிடுவது எங்கள் பகுதியில் சாதாரணமாக நடக்கிறது. எங்கள் பெற்றோரில் பலர் மலையாளம் நன்றாகப் பேசுவார்கள், கடைவீதியில் சமாளிப்பார்கள், எழுத்துக் கூட்டிப் படிக்க வராது. சில பாட்டிகளுக்குத் தமிழும் படிக்க வராது. உதவித்தொகை விண்ணப்பத்துக்குக் கடைசித் தேதி இப்படித்தான் ஒரு வருடம் என் வகுப்பில் நான்கு பேருக்குத் தவறிப்போனது. பி.டி.எஃப். எல்லாருக்கும் போயிருந்தது. திறந்து பார்த்தவர்களும் இருந்தார்கள். ஆனால் அது எதைப் பற்றியது என்று யாருக்கும் புரியவில்லை.

இப்போது முதலில் 40 நொடிக்குள் ஒரு குரல் செய்தி, அப்புறம் அந்தத் தாள். குரல் செய்தியில் நான்கே விஷயம்: என்ன, எந்தத் தேதிக்குள், என்னென்ன தாள் கொண்டு வர வேண்டும், யாரைப் பார்க்க வேண்டும். "ரேஷன் கார்டு நகல், ஆதார் நகல், பேங்க் புத்தகத்தின் முதல் பக்கம். வெள்ளிக்கிழமைக்குள்ள பையன்கிட்ட குடுத்து விடுங்க, என்கிட்ட வந்தா போதும்." இப்படித்தான். வீட்டில் பேசுவது போலவே பேசுங்கள். பதிலும் குரலில் வரும், வண்டிச் சத்தத்தோடும் கோழிச் சத்தத்தோடும். எழுதத் தெரியாது என்று கூச்சப்பட்டுப் பள்ளிப் பக்கமே வராதிருந்த ஒரு அம்மா இன்று வாரத்துக்கு ஒரு முறையாவது என்னிடம் பேசுகிறார்.

வீடியோ அனுப்பும் முன்

எல்லைப்புறப் பள்ளிக்கென்றே உள்ள ஆபத்து இதில்தான் இருக்கிறது, அதனால் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

பிள்ளை யூடியூபில் 'பத்தாம் வகுப்பு அறிவியல்' என்று தமிழில் தேடினால் வருவதெல்லாம் தமிழ்நாட்டுப் பாடம். அங்கே அறிவியல் ஒரே புத்தகம். எங்களுக்கு இயற்பியல், வேதியியல், உயிரியல் என்று மூன்று. அங்கே மொத்தம் 500 மதிப்பெண், பாடத்துக்கு 35 எடுத்தால் தேர்ச்சி. எங்களுக்கு கிரேடு, A+ தொடங்கி D+ வரை தேர்ச்சி, அதிலும் தொடர் மதிப்பீட்டு மதிப்பெண் தனி. ஒரு பெண்குழந்தை அரையாண்டுத் தேர்வுக்கு இரண்டு வாரம் ராத்திரி உட்கார்ந்து 'முக்கிய வினாக்கள்' என்று நோட்டில் எழுதிப் படித்திருந்தாள். அழகான கையெழுத்து, அடிக்கோடெல்லாம் போட்டு 41 கேள்விகள். அதில் பாதிக்கு மேல் எங்கள் பாடப்புத்தகத்தில் இல்லாதவை. அவள் உழைப்பில் ஒரு குறையும் இல்லை. எந்த வீடியோவைப் பார்க்க வேண்டும் என்று நாங்கள்தான் சொல்லவில்லை.

ஒரு வீடியோவை அனுப்பும் முன் நான் பார்ப்பது இவை. முதலில் பதிவேற்றிய தேதி. கேரளத்தில் 1, 3, 5, 7, 9 வகுப்புகளுக்கு 2024-25இலும், 2, 4, 6, 8, 10 வகுப்புகளுக்கு 2025-26இலும் புதிய பாடப்புத்தகம் வந்தது. அதற்கு முந்திய வீடியோ என்றால் பழைய புத்தகத்துக்கு எடுத்தது. கருத்து விளக்கத்துக்கு வைத்துக்கொள்ளலாம், கேள்வி பதிலுக்கு ஆகாது. அடுத்தது சொற்கள். தமிழ்நாட்டு வீடியோவில் ஒரு கலைச்சொல், எங்கள் புத்தகத்தில் வேறொரு சொல் என்று இருக்கும். முழுதாகப் பார்த்து, மாறும் சொற்களைத் தாளில் குறித்துக்கொண்டு, மறுநாள் கரும்பலகையில் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதிவிடுவேன். பிள்ளைகள் குழம்பவில்லை, ஒரு பொருளுக்கு இரண்டு சொல் தெரிந்துகொண்டார்கள். மூன்றாவது, நீளம். பத்து நிமிடத்துக்கு மேல் இருந்தால், எந்த நிமிடத்திலிருந்து எந்த நிமிடம் வரை என்று எழுதி அனுப்புங்கள்.

வீடியோவோடு கட்டாயம் ஒரு வேலை போக வேண்டும். "பாருங்கள்" என்று மட்டும் அனுப்பினால் பார்ப்பார்கள், மறந்துவிடுவார்கள். "பார்த்துவிட்டு இரண்டு படம் வரைந்து வா" என்றால் கை வேலை செய்யும். யூடியூபில் ஆட்டோபிளேயை நிறுத்தி வைக்கப் பெற்றோருக்குச் சொல்லிக் கொடுங்கள். பாடம் முடிந்ததும் தானாக அடுத்தது ஓடத் தொடங்குவதில்தான் மற்ற வீடியோக்கள் உள்ளே வருகின்றன.

நோட்ஸ் அனுப்புவது பற்றி: 2024 நவம்பரில் கேரள மேல்நிலைக் கல்விப் பிரிவு, நோட்ஸை வாட்ஸ்அப் மூலம் பிள்ளைகளுக்கு அனுப்புவதை நிறுத்தச் சொன்னது. அது பிளஸ் ஒன், பிளஸ் டூ ஆசிரியர்களுக்கு. நானும் அதை என் வகுப்பில் எடுத்துக்கொண்டேன். மங்கலாக எடுத்த 14 படங்களைச் சின்னத் திரையில் விரித்து விரித்துப் பார்த்து எழுதும் பிள்ளைக்குக் கண்ணும் போகும், தூக்கமும் போகும். படம் வந்துவிடும் என்ற தைரியத்தில் வகுப்பில் கவனமும் குறையும். பிள்ளை காய்ச்சலில் இருந்தால் மட்டும் அனுப்புகிறேன், அந்த ஒரு வீட்டுக்கு மட்டும்.

மதிப்பெண்ணும் படமும்

2019இல் காலாண்டுத் தேர்வு முடிந்ததும் மதிப்பெண் பதிவேட்டின் பக்கத்தைப் படமெடுத்து அன்றைய வகுப்புக் குழுவில் போட்டேன். எல்லாரும் ஒரே நேரத்தில் தெரிந்துகொள்ளட்டும் என்றுதான். மாலைக்குள் யாரோ அந்தப் படத்தில் ஒரு பெயரைச் சுற்றிச் சிவப்பு வட்டம் போட்டு வேறு குழுக்களுக்கு அனுப்பிவிட்டார்கள். அந்தப் பெண் நான்கு நாள் பள்ளிக்கு வரவில்லை.

ஐந்தாம் நாள் வீட்டுக்குப் போனேன். திண்ணையில் உட்கார்ந்து நிலக்கடலை உரித்துக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் எழுந்தாள், ஆனால் தலையை நிமிர்த்தவில்லை. "ஏன் கண்ணு வரலை?" என்று கேட்டேன். கொஞ்ச நேரம் பதில் இல்லை. கையில் இருந்த கடலையை உரித்து முறத்தில் போட்டாள், தோலையும் அதிலேயே போட்டாள், அப்புறம் பொறுக்கி எடுத்தாள். "எல்லாரு வீட்டுப் போன்லயும் என் மார்க் இருக்குங்களா டீச்சர்?" என்றாள். இல்லை என்று சொல்ல என்னால் முடியவில்லை.

அன்றிலிருந்து மதிப்பெண் தனித்தனியாக, முடிந்தவரை நேரில். பாராட்டுகூடக் குழுவில் வேண்டாம் என்பது என் கருத்து. ஒருவரைப் பாராட்டும் செய்தியை, பாராட்டப்படாத 33 பேரின் வீட்டிலும் யாரோ படிக்கிறார்கள். கட்டணப் பாக்கி, வருகைக் குறைவு, உடல்நலம், சாதி சம்பந்தப்பட்ட உதவித்தொகைப் பட்டியல், இவை எதுவும் பொதுக்குழுவில் போகக் கூடாது.

பிள்ளைகளின் படத்தை முகநூலில் போடுவதிலும் கவனம் வேண்டும். விளையாட்டு விழா, கலோத்சவம் (கலைவிழா) என்றால் பள்ளிப் பக்கத்தில் போட ஆசைதான். 2023இல் வந்த டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தின்படி 18 வயது நிரம்பாதவர் எல்லாரும் குழந்தைகள், அவர்கள் தகவலைக் கையாளப் பெற்றோரின் சம்மதம் வேண்டும் என்பது அதன் அடிப்படை. ஜூன் மாதமே தமிழில் ஒரு சின்னச் சம்மதத் தாள் எழுதி வாங்கிவிடுங்கள். வேண்டாம் என்றவர்களின் பிள்ளைகளை அவமானப்படாத மாதிரி படத்திலிருந்து விலக்க வேண்டும். கும்பலாக, தூரத்தில், பெயர் போடாமல் எடுத்தால் பெரும்பாலும் பிரச்சினை இல்லை.

பிள்ளைகளின் சொந்தக் கணக்குகள்

இன்ஸ்டாகிராமில் 13 வயதுக்குக் குறைந்தவர்களுக்கு அனுமதி இல்லை. 18க்குக் கீழே என்றால் கணக்கு தானாகவே பூட்டிய நிலையில் இருக்கும். ஆனால் பிள்ளைகள் பிறந்த வருடத்தை மாற்றிக் கொடுத்துவிடுகிறார்கள், பெரியவர்களுக்கான கணக்கு திறந்துவிடுகிறது. பெற்றோரிடம் நான் சொல்வது: போனைப் பிடுங்காதீர்கள், பிள்ளையோடு உட்கார்ந்து அந்தப் பிறந்த வருடத்தைப் பாருங்கள், கணக்கைப் பிரைவேட் ஆக்குங்கள், தெரியாதவர் செய்தி அனுப்புவதை நிறுத்துங்கள். பிடுங்கினால் அடுத்த கணக்கு நண்பன் வீட்டுப் போனில் திறக்கப்படும். அதைக் கண்டுபிடிக்கவே முடியாது.

வகுப்பில் ஒரு பீரியடை நான் வதந்திக்கு ஒதுக்குகிறேன். அந்த லீவு செய்தியைத்தான் பாடமாக வைத்தேன். ஹைடெக் கிளாஸ்ரூம் திரையில் போட்டு, "இதில் என்ன இல்லை?" என்று கேட்டேன். மாவட்டப் பெயர் இல்லை, தேதி இல்லை, யார் அறிவித்தது என்று இல்லை என்று வரிசையாகச் சொன்னார்கள். செய்திக்கு மேல் இரட்டை அம்புக்குறி இருந்தால் அது பல கை மாறி வந்தது என்று பொருள் என்பதையும், அப்படிப்பட்டதை ஒரு நேரத்தில் ஒரே ஒருவருக்குத்தான் அனுப்ப முடியும் என்பதையும் காட்டினேன். அப்புறம் பாலக்காடு கலெக்டரின் அதிகாரப்பூர்வ முகநூல் பக்கத்தைத் திறந்து, லீவு என்றால் எங்கே பார்க்க வேண்டும் என்று சொன்னேன். கேரளத்தில் 5, 7ஆம் வகுப்பு ஐ.சி.டி. (தகவல் தொழில்நுட்ப) புத்தகத்திலேயே பொய்ச் செய்தியைக் கண்டுபிடிப்பது பாடமாக வந்துவிட்டது. புத்தகத்தில் இருப்பதோடு நம் ஊரில் நடந்ததையும் சேர்த்துச் சொன்னால் பிள்ளைகள் வீட்டில் போய் அம்மாவுக்குச் சொல்கிறார்கள். அடுத்த மழைக்கு மூன்று பேர்தான் வரவில்லை, அதில் இருவருக்கு உண்மையிலேயே காய்ச்சல்.

ஏதாவது நடந்துவிட்டால்

பிள்ளை பெயரில் போலிக் கணக்கு, மிரட்டல், படத்தை மாற்றிப் போடுவது என்று ஏதாவது வந்தால், முதல் பத்து நிமிடத்தில் பெரியவர்கள் செய்யும் தவறு எல்லாவற்றையும் அழிப்பது. அழிக்காதீர்கள். கணக்கின் பெயர், தேதி, நேரம் தெரியும்படி திரையைப் படமெடுத்து வையுங்கள். ஒன்று மட்டும் கவனம்: பிள்ளையின் அந்தரங்கப் படமாக இருந்தால் அதை நகலெடுக்கவோ யாருக்கும் அனுப்பவோ கூடாது, போனை அப்படியே போலீசிடம் காட்டுங்கள். பிறகு அந்தக் கணக்கைப் பிளாக் செய்து, புகார் கொடுங்கள். சைபர் குற்றத்துக்கு 1930, குழந்தைகளுக்கான உதவிக்கு 1098. எச்.எம்.மிடமும் பள்ளிக் கவுன்சிலரிடமும் அன்றே சொல்லிவிட வேண்டும். பிள்ளையிடம் "நீ ஏன் படம் போட்டே?" என்ற கேள்வியை அன்றைக்குக் கேட்காதீர்கள். அந்தக் கேள்விக்குப் பயந்துதான் மாதக்கணக்கில் சொல்லாமல் இருந்திருப்பாள்.

இந்த இரண்டு எண்களையும் என் எண்ணையும் சின்னச் சீட்டில் எழுதி, பிள்ளைகளின் டைரியின் உள்ளட்டையில் நானே ஒட்டுகிறேன். வீட்டுப் போன் அப்பாவோடு வெளியே போயிருக்கும்போதும் டைரி பையில் இருக்கும்.

வருடம் முடிந்ததும்

எஸ்.எஸ்.எல்.சி. ரிசல்ட் மே மாதம் வரும், சர்டிபிகேட் வாங்க ஆள் வர வேண்டும், பிளஸ் ஒன் விண்ணப்பத்துக்கு உதவி வேண்டும். அதுவரை பட்டியலை வைத்திருங்கள். கடைசிப் பிள்ளையும் சேர்ந்ததும் எல்லாருக்கும் ஒரு குரல் செய்தி அனுப்பிவிட்டு, பட்டியலையும், போனில் சேர்ந்திருக்கும் ஆதார், ரேஷன் கார்டு, பேங்க் புத்தகப் படங்களையும் அழித்துவிடுங்கள். கேலரியில் அழித்ததும் குப்பைத்தொட்டியிலிருந்தும் அழிக்க வேண்டும், பலர் இதை மறந்துவிடுகிறார்கள். நான் அதைச் செய்வது ஜூலை இரண்டாவது சனிக்கிழமை. உட்கார்ந்தால் ஒரு மணி நேரம் ஆகிறது.